சங்கிலியின் மறுமுனை

"நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்பது நம் மக்கள் நாவில் புழங்கும் பழமொழி. திருந்தாத மனிதனைச் சுட்டப் பிறந்த அவ்வாசகம், இன்று நாயைத் திருத்த மனமில்லாத மனிதனுக்கு அரணாகிவிட்டது. வீட்டு நாய் ஓயாமல் குரைக்கிறதா? செருப்பைக் கடித்துக் குதறுகிறதா? கூடத்தில் சிறுநீர் கழிக்கிறதா? வந்தவர்மேல் பாய்கிறதா? பிள்ளையின் கையைக் கவ்விவிட்டதா? "அதன் பிறவிக் குணம்; வாலை நிமிர்த்த முடியுமா?" என்று ஒரே மூச்சில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு சங்கிலி. சங்கிலிக்குப் பிறகு ரோத்தான். ரோத்தானும் பயன்படாதபோது, ஒரு நள்ளிரவில் காரின் பின்பெட்டியில் ஏற்றிச் சென்று, பத்துக் கல் தொலைவிலுள்ள செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இறக்கிவிட்டு வருவது.

நாயின் வாலைப் பற்றி இத்தனை காலம் பேசிய நாம், அதன் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி ஒரு நாளேனும் பேசியதுண்டா? வீட்டு நாயின் கெட்ட பழக்கங்கள் என்று நாம் பட்டியலிடுவனவற்றுள் பெரும்பகுதி நாமே கற்பித்தவை. எஞ்சியவை நாம் புரிந்துகொள்ள மறுத்தவை. இதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

"தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம், இளைஞரின் போக்கு, மொழியின் நிலை என எண்ணிப் பார்க்க எத்தனையோ இருக்க, எழுத்தாளன் நாயைப் பற்றிக் கட்டுரை வரைவதா?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நகைக்கட்டும். அவர் வாழும் தாமானில், நாய் குரைப்பதால் மூண்ட பூசலில் இரண்டு குடும்பங்கள் ஐந்தாண்டுகளாக முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். கடிபட்ட பிள்ளையின் தாய்க்கு இது நகைப்புக்குரிய செய்தியன்று. வெறிநாய்க்கடி நோய் நீங்கிய நாடு என்று 2012இல் பெயர் பெற்ற நம் மலேசியாவில், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. சரவாக்கில் அது பல உயிர்களைக் குடித்தது. தெருவில் அலையும் நாய், வானத்திலிருந்து விழுந்ததன்று. அதுவோ அதன் தாயோ பாட்டியோ யாரோ ஒருவர் வீட்டு வாசலிலிருந்து துரத்தப்பட்டதுதான்.

நாயை இழிவாக எண்ணும் மரபு மட்டுமே நமக்கு உண்டென்றும் எவரும் சொல்ல வேண்டா. யானையை ஒத்தவரின் நட்பை விட்டு நாயை ஒத்தவரின் நட்பைக் கொள்ளச் சொல்லும் நாலடியார் நம்முடையது. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமனின் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வைரவர் கோயிலில் நாய் வாகனத்துக்கும் சேர்த்தே மாலை சாத்துகிறோம். ஏட்டில் போற்றி, கோயிலில் வணங்கி, வீட்டில் உதைப்பதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

தோட்டத்து நாயும் தாமான் நாயும்

நான் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். நாய்கள் ஆறோ ஏழோ. ஒன்றுக்கும் சங்கிலி கிடையாது. எங்கள் மணி, விடியுமுன் அப்பாவோடு பெரட்டுக்குப் போகும். பால்வெட்டு முடியும்வரை நிரை நிரையாக அவர் பின்னே நடக்கும். வெயில் ஏறியதும் அஞ்சடியில் படுத்து உறங்கும். மாலையில் எங்களோடு ஆற்றங்கரைக்கு ஓடும். இரவில் அது குரைத்தால், பாம்போ பன்றியோ வேற்றாளோ என்று அப்பா விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். அதன் குரைப்புக்கு அங்கே ஒரு பொருள் இருந்தது. அதைக் கேட்க ஒரு காதும் இருந்தது.

அக்காலத்தைப் பொற்காலமாகப் பாட நான் வரவில்லை. தோட்டத்து நாய்க்குச் சொறியும் உண்ணியும் உண்டு. தடுப்பூசியை அது கண்டதில்லை. ஆயினும் ஒரு நாய்க்கு இயல்பான அத்தனை தொழில்களும் அதற்கு வாய்த்திருந்தன. நடந்தது, மோப்பம் பிடித்தது, காவல் காத்தது, மண்ணைத் தோண்டியது, தன் இனத்தோடு பழகியது, களைத்து உறங்கியது.

1980களின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. பட்டணத்தை அடுத்த தாமான் ஒன்றில் ஒற்றைமாடி வரிசை வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். மணியும் எங்களோடு வந்தது. வீட்டுக்கு இரும்புக் கதவு. கதவோரம் ஒரு கம்பம். கம்பத்தில் ஆறடிச் சங்கிலி. அப்பா தொழிற்சாலைக் காவலுக்கும் அம்மா வீட்டு வேலைக்கும் நாங்கள் பள்ளிக்கும் போய்விட்டால், பொழுது சாயும்வரை அந்த ஆறடிதான் அதன் உலகம். ஒரு மாதத்தில் அது போவோர் வருவோர் எல்லாரையும் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது. மூன்றாம் மாதத்தில் கம்பத்தின் அடியில் குழி பறித்தது. துவைத்துக் காயவைத்த துணி காற்றில் எட்டினால் கிழித்தது. "தோட்டத்தில் எவ்வளவு நல்ல நாயாக இருந்தது, இங்கே வந்து கெட்டுப்போய்விட்டது" என்று அம்மா வருந்தினார். நாய் கெட்டுப்போகவில்லை. அதன் வாழ்க்கையைத்தான் நாங்கள் கெடுத்திருந்தோம். அதை உணரும் அறிவு அன்று எங்களுள் எவருக்கும் இல்லை.

சங்கிலியில் கிடக்கும் நாய் ஏன் குரைக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம். அஞ்சல்காரர் வருகிறார். அருகே சென்று முகர்ந்து அறியவும் இயலாது. அஞ்சி ஓடி ஒளியவும் இயலாது. அதற்கு எஞ்சியிருப்பது குரல் ஒன்றே. குரைக்கிறது. அஞ்சல்காரர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவர் தம் கடமையை முடித்துப் போகிறார் என்பது நமக்குத் தெரியும். நாய்க்கோ, "நான் குரைத்தேன், அவர் ஓடினார்" என்பதே கணக்கு. நாள்தோறும் இப்படி வெற்றி கிட்டும் ஒரு செயலை எந்த உயிர்தான் கைவிடும்? சங்கிலி குரைப்பை அடக்குவதில்லை. நாள் தவறாமல் அதற்குப் பாடம் நடத்துகிறது.

அடியாத மாடு பணியாதா?

"அடியாத மாடு பணியாது" என்ற இன்னொரு பழமொழியை நம்மவர் கைவாளாக ஏந்துவர். பணிவு வேறு, கல்வி வேறு என்பதை அப்பழமொழி அறியாது.

செரிமான ஆராய்ச்சிக்காக 1904இல் நோபெல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ், தம் ஆய்வுக்கூடத்து நாய்கள் உணவைக் காணுமுன்பே, உணவோடு வழக்கமாகச் சேர்ந்துவரும் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் எச்சில் ஊறுவதைக் கண்டார். அடுத்தடுத்து நிகழும் இரண்டை நாயின் மனம் முடிச்சுப் போட்டுவிடும் என்பது அதன் சாரம். அமெரிக்க அறிஞர் எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளைத்த விதி மற்றொன்று: நிறைவான விளைவைத் தந்த செயல் மீண்டும் நிகழும், பயன் தராத செயல் நாளடைவில் தேயும். இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்திக்கொண்டு நம் வீட்டுக் காட்சிகளைப் பார்ப்போம்.

கதவு திறந்திருந்தது; நாய் தெருவுக்கு ஓடிவிட்டது. வீட்டுக்காரர் பத்து நிமிடம் பெயர் சொல்லி அழைக்கிறார். இறுதியில் அது வாலைக் குழைத்துக்கொண்டு வருகிறது. வந்ததும் கழுத்தைப் பிடித்து நாலு அடி. "இனிமேல் ஓடுவாயா?" நாய் என்ன கற்றது? ஓடியது பத்து நிமிடத்துக்கு முன்பு. அடிக்கு நேர் முன்னே அது செய்த செயல், அழைத்தபோது வந்ததுதான். ஆகவே, "அழைத்தால் போகாதே, போனால் அடி விழும்" என்று கற்றது. மறுநாள் அது வர மறுக்கும்போது, "திமிர் பிடித்த நாய்" என்று அவரே முழங்குகிறார்.

மாலையில் வீடு திரும்பியவர் கூடத்தில் சிறுநீரைக் காண்கிறார். குட்டியை இழுத்து வந்து அதன் மூக்கை அதிலே தேய்க்கிறார். மூன்று மணி நேரத்துக்கு முன் கழித்த சிறுநீருக்கு இப்போது கிடைக்கும் தண்டனை அதற்கு எவ்வாறு விளங்கும்? "எசமானர் வரும் நேரம் ஆபத்தான நேரம்" என்பது மட்டும் விளங்கும். அதன் பிறகு அது சிறுநீர் கழிப்பதை விடாது. உங்கள் கண் முன்னே கழிப்பதைத்தான் விடும். அலமாரிக்குப் பின்னே, கட்டிலுக்கு அடியில் இடம் தேடும்.

"இல்லை ஐயா, செய்த தவறு அதற்குத் தெரிகிறது, என்னைக் கண்டதும் தலையைக் குனிந்து, காதை மடக்கி, குற்றவாளியைப் போல் நிற்கிறதே" என்பார் சிலர். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைச் சோதித்தது. தவறு செய்த நாயும் செய்யாத நாயும் வேறுபாடின்றி அம்முகத்தைக் காட்டின. அதை வரவழைத்தது நாய் செய்த பிழையன்று, எசமானரின் கடுமொழியே. சொல்லப்போனால், ஒரு குற்றமும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களே அதிகமாகக் கூனிக் குறுகின. நாம் குற்றவுணர்ச்சி என்று படித்தது, அச்சம். அச்சத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொண்டு தண்டனை வழங்கும் நீதிமன்றங்களாக நம் வீடுகள் இருக்கின்றன.

தலைவன் என்னும் மாயை

சற்றுப் படித்தவர்கள் ரோத்தானுக்கு அறிவியல் முலாம் பூசுவார்கள். "நாய் ஓநாயின் வழிவந்தது. ஓநாய்க் கூட்டத்தில் வலியதே தலைமை தாங்கும். ஆகவே நாயைக் குப்புறத் தள்ளி அமுக்கி, நானே தலைவன் என்று காட்டவேண்டும்" என்பர். மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை விற்பவர் நாவிலும் இவ்வாதமே குடியிருக்கிறது.

இக்கொள்கை எங்கே பிறந்தது? சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கண்டு ருடால்ஃப் ஷெங்கல் என்பார் 1947இல் எழுதிய ஆய்வுக்கு இதில் பெரும் பங்குண்டு. அமெரிக்கரான டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. பின்னர் வட துருவத்தை அடுத்த காட்டுவெளியில் ஆண்டுதோறும் ஓநாய்களைப் பின்தொடர்ந்த அதே மெக், தாம் முன்பு எழுதியது பிழையென்று கண்டார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் பிள்ளைகளுமாகிய ஒரு குடும்பமே. அங்கே பெற்றோர் வழிநடத்துகின்றனர். சண்டையிட்டு வென்ற சர்வாதிகாரி எவனும் இல்லை என்று 1999இல் எழுதினார். தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டா என்று பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். எழுதியவரே மறுத்துவிட்டதை நம்மவர் இன்னும் வேதமாக ஓதுகின்றனர்.

இங்கே எனக்குள் ஓர் ஐயம் எழுகிறது, சொன்னால் சிலர் சினம் கொள்வர், ஆயினும் சொல்கிறேன். துரைக்குக் கீழே தண்டல், தண்டலுக்குக் கீழே தொழிலாளி என்று தலைமுறை தலைமுறையாக மிதிபட்ட சமுதாயம் நாம். நமக்குக் கீழே ஒருவர் இருக்க மாட்டாரா என்ற ஏக்கம் நம் குருதியில் எங்கோ தங்கிவிட்டதோ? கம்பத்தில் கட்டிய அந்த ஓர் உயிரிடம் நாம் தண்டலாகிப் பார்க்கிறோமோ? எவரிடம் பட்ட அடியை நாம் எதன்மேல் இறக்குகிறோம் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

உறுமலை அடித்துக் கொன்ற கதை

"குரைக்கிற நாய் கடிக்காது" என்பது மூன்றாவது பழமொழி. இதனினும் தீங்கான பொய் இல்லை. குரைக்கும் நாயும் கடிக்கும். குரைக்காத நாயும் கடிக்கும். கடிக்குமுன் அவை பேசுகின்றன. நமக்குத்தான் அம்மொழி தெரியவில்லை.

மனம் கலங்கிய நாய் முதலில் உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். அதையும் மதியாமல் நெருங்கினால் உடல் விறைக்கும், பிறகு உறுமும், பிறகு பல்லைக் காட்டிக் காற்றில் கடிக்கும். கடி, படிக்கட்டின் கடைசிப் படி. "என்னை விட்டு விலகு" என்று ஆறு முறை கெஞ்சிய பிறகு ஏழாம் முறை அது பல்லால் சொல்கிறது. வால் ஆடுவதெல்லாம் மகிழ்ச்சியும் ஆகாது; விறைத்த உடலோடு மேலே நிமிர்ந்து வேகமாக ஆடும் வால் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

எங்கள் மணி உறுமத் தொடங்கியதும் அப்பா அடித்தார். தோட்டத்தில் ஒரு நாளும் அதன்மேல் கை வைக்காதவர் அவர். அண்டை வீட்டாரின் முறையீடும், இரவு வேலையின் களைப்பும், புது ஊரின் நாணமும் அவர் கையில் ரோத்தானைத் திணித்தன. உறுமும்போதெல்லாம் அடி. சில மாதங்களில் உறுமல் நின்றது. "பார்த்தீர்களா, திருந்திவிட்டது" என்று நாங்கள் மகிழ்ந்தோம். இரண்டு வாரம் கழித்து, ஐந்து வயதுத் தங்கை, மணியின் சோற்றுத் தட்டுக்கு அருகே உருண்ட பந்தை எடுக்கக் குனிந்தாள். ஓர் ஒலியும் இல்லை. கன்னத்தில் ஏழு தையல்.

உறுமல் என்பது வீட்டில் தீப்பற்றினால் அலறும் மணியோசை. மணியோசை பிடிக்கவில்லை என்று மணியைக் கழற்றி எறிந்தோம், தீயை அணைக்கவில்லை. அடி, நாயின் அச்சத்தை நீக்கவில்லை. அச்சத்தைச் சொல்லும் சொல்லைத்தான் நீக்கியது. உறுமும் நாய்க்கு நாம் நன்றி கூறவேண்டும். உடனே விலகி நின்று, எது அதை உறுத்தியது என்று எண்ணவேண்டும். சோற்றை உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், எலும்பைக் கவ்விய நாயையும் பிள்ளைகள் நெருங்காமல் காப்பது பெரியவரின் கடமை. நாயையும் சிறு குழந்தையையும் தனியே விடலாகாது. அது எத்துணைச் சாதுவான நாயாயினும் சரி.

திருத்தும் வழி

குறை கூறுவது எளிது. வழி என்ன என்று கேட்பது நியாயம். வழி உண்டு. அது கடினமுமன்று, பொறுமை மட்டும் வேண்டும்.

முதலில் உடலைப் பாருங்கள். நேற்றுவரை அமைதியாக இருந்த நாய் இன்று திடீரெனச் சீறினால், காதில் சீழோ, பல்லில் வலியோ, மூட்டில் நோவோ இருக்கலாம். வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதற்குச் சிறுநீர்த் தாரையில் நோய் காரணமாகலாம். நோயாளியை அடிப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்தடை அறுவையும் அவரிடம் கேட்டறிய வேண்டியது. ஊர் சுற்றும் ஆசையையும் கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பதையும் அது பல ஆண் நாய்களிடம் குறைக்கும். அச்சத்தால் கடிக்கும் நாய்க்கு அது மருந்தாகாது.

அடுத்து, வாழ்க்கையைப் பாருங்கள். காலையும் மாலையும் நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியில் முகர விடுங்கள். நம் மூக்கில் மணம் அறியும் அணுக்கள் ஏறத்தாழ 60 இலட்சம் என்றால், நாயின் மூக்கில் அவை 20 கோடிக்கும் மேல். முகர்வதுதான் அதற்கு நாளிதழ் வாசிப்பு. நண்பகலில் தார்ச்சாலை அதன் பாதத்தைச் சுடும். வெயில் தாழ்ந்த பின் போவதே அறம். நம் நாட்டு வெப்பத்தில் நாய் மண்ணைத் தோண்டுவது குளிர்ச்சிக்காகவும் இருக்கலாம். நிழலும் நீரும் கொடுத்துப் பாருங்கள். குழிகள் குறைகின்றனவா இல்லையா என்று.

குட்டி கடிப்பது பல் முளைக்கும் பருவத்தின் தேவை. ஆறு, ஏழு மாதம்வரை பாற்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும். செருப்பை எட்டாத இடத்தில் வையுங்கள். கடிக்கத்தக்க உறுதியான ரப்பர்ப் பொம்மையைக் கொடுங்கள். பழைய செருப்பைக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பைக் கடிக்காதே என்றால், விலை பார்க்கும் அறிவு அதற்கு ஏது?

சிறுநீர்ப் பழக்கத்துக்கு மூக்கைத் தேய்க்க வேண்டா; நேரம் பார்த்தால் போதும். உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே குறித்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். கழித்த அந்த நொடியே பாராட்டி, ஒரு துண்டு அவித்த கோழியைக் கொடுங்கள். ஓரிரு நொடி தாமதித்தாலும் பாராட்டு வேறொரு செயலோடு முடிச்சாகிவிடும். இரண்டு மாதக் குட்டியால் பகல் முழுதும் அடக்க இயலாது. அது பிடிவாதமன்று, வயது.

வந்தவர்மேல் பாயும் நாயைத் தள்ளுவதும் அதட்டுவதும் அதற்கு விளையாட்டே. கையைக் கட்டி முகத்தைத் திருப்பி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்டதும் கொஞ்சுங்கள். ஆனால் வீட்டார் அனைவரும் ஒரே நெறியில் நிற்கவேண்டும். அப்பா "மேலே ஏறாதே" என்பார். பிள்ளை மடியில் ஏற்றிக்கொள்வான். "உணவு மேசையருகே வராதே" என்று அம்மா துரத்துவார். பாட்டி யாரும் பாராதபோது தோசையைக் கிள்ளிப் போடுவார். பத்து முறை கெஞ்சி ஒரு முறை கிடைத்தால், பதினோராம் முறையும் கெஞ்சலாம் என்றே நாய் கற்கும். கேட்டுக் குரைப்பதைப் பொருட்படுத்தாமல் விடத் தொடங்கினால், முதல் சில நாள் குரைப்பு மிகும். அந்நேரத்தில் மனம் தளர்ந்து இணங்கிவிட்டால், "இன்னும் உரக்கக் குரைத்தால் கிடைக்கும்" என்ற உயர்நிலைப் பாடத்தையும் நாமே நடத்தி முடித்தவராவோம்.

உணவையும் பொம்மையையும் காத்து உறுமும் நாயிடமிருந்து பிடுங்காதீர்கள். அதனினும் சுவையானதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். "மனிதர் கை அருகே வந்தால் நல்லது வரும்" என்ற முடிச்சு விழுந்தபின் காவலுக்கு வேலை இருக்காது. ஏற்கெனவே கடித்த நாயாயின், நீங்களே முயலாமல், நடத்தையியல் அறிந்த கால்நடை மருத்துவரை நாடுங்கள்.

தீபாவளி இரவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளையும் கேட்கும் காது நாயினுடையது. நம் பட்டாசு அதற்குப் போர்க்களம். அன்றிரவு சங்கிலியில் கட்டிவிட்டு நாம் முறுக்கு உண்ணும் வேளையில், அது கழுத்தை அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது. மாலையிலேயே நடைக்குக் கூட்டிச் சென்று, பிறகு உள்ளறையில் திரையை இழுத்து, மெல்லிய இசையை ஒலிக்கவிட்டு, அருகில் அமருங்கள். அஞ்சும் நாயைத் தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்பது கட்டுக்கதை. நடுங்கும் பிள்ளையை அணைத்ததால் எந்தப் பிள்ளையும் கோழையாகிவிடவில்லை.

அன்பு என்ற பெயரில் நாயை அடக்கமின்றி விடச் சொல்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டா. நாய்க்கு நெறி வேண்டும். தெருவில் தோல்வாரும் வேண்டும். அண்டை வீட்டாருக்கு உறக்கம் வேண்டும். நெறியைக் கற்பிக்கலாம் என்பதும், அடித்துக் கற்பிக்க முடியாது என்பதுமே என் வழக்கு. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்களின் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, எந்த நடத்தைக் கோளாறுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியையே பரிந்துரைத்து, வலி தரும் முறைகளை விலக்கியிருக்கிறது. மின்னதிர்ச்சிப் பட்டையை வேல்ஸ் நாடு 2010இலேயே தடை செய்தது.

சட்டமும் மனச்சான்றும்

நம் நாட்டிலும் சட்டம் உறங்கவில்லை. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விலங்கை வதைத்தவனுக்கு நெடுங்காலம் உயர்ந்த தண்டம் 200 வெள்ளியே. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தண்டம் 20,000 வெள்ளிக்குக் குறையாமலும் 100,000 வெள்ளிக்கு மேற்படாமலும் இருக்கும்; மூன்றாண்டுவரை சிறையும் உண்டு. தன் இயல்புக்கேற்ப நடந்துகொள்ளும் தேவை விலங்குக்கு உண்டு என்பதையும் அச்சட்டம் உரிமையாளரின் கடமைக்குள் வைத்திருக்கிறது. ஆறடிச் சங்கிலியில் எந்த இயல்பு பிழைக்கும்?

ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி நாம் திருந்தினால், அதுவும் ரோத்தானுக்குப் பணிந்த பணிவே ஆகும். எனக்கு வேண்டியது அதுவன்று.

தங்கை கடிபட்ட மறுநாள் காலையில் நாய் பிடிப்போரின் வண்டி வந்தது. அப்பா வீட்டுக்குள் போய் அமர்ந்துவிட்டார். சங்கிலியைக் கம்பத்திலிருந்து அவிழ்த்து அவர்கள் கையில் கொடுத்தவன் நான். பல மாதங்களுக்குப் பிறகு கம்பத்தைவிட்டு விலகிய மணி, நடைக்குத்தான் அழைத்துப் போகிறோம் என்று எண்ணிற்று போலும். வாலை ஆட்டிக்கொண்டே வண்டியில் ஏறியது.

நாயின் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். நிமிர்த்த வேண்டியதில்லை, அது வளைந்தே இருக்கட்டும். வளைந்த வாலோடு அது நம்மை நம்பி நிற்கிறது. இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் வாசலில் இருக்கும் கம்பத்தைப் பாருங்கள். சங்கிலி அங்கே கிடந்தால் அதன் மறுமுனையையும் பாருங்கள். அதைப் பிடித்திருப்பது உங்கள் கையானால், அவிழ்த்துவிட்டுத் தோல்வாரை மாட்டி, தெருமுனைவரை நடந்துவிட்டு வாருங்கள். திருத்தம் அங்கிருந்து தொடங்கட்டும்.